டெலிபோன் ஆபீஸ் தெரு சுமந்த பிள்ளை

தருவைப்பட்டி டெலிபோன் ஆபீஸ் தெருவில், உப்பு லாரி ஓட்டும் லிங்கதுரையின் பெண்டாட்டி தங்கரதிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்து ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அவள் வயிற்றிலிருந்த பிள்ளை அங்கிருந்து கிளம்பி, தராசுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து சீனி நிறுத்துக்கொண்டிருந்த பரமசிவம் அண்ணாச்சியின் வயிற்றுக்குள் போய் இருந்துகொண்டது.

ரதிக்கு அது தலைப்பிள்ளை. கால் இரண்டும் வீங்கித் தன் செருப்பு நுழையாமல் புருஷனின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நெஞ்சு எரிந்தது, விலாவுக்குக் கீழே பிள்ளையின் குதிகால் வந்து வந்து முட்டியது, கெண்டைக்கால் நினைத்த நேரமெல்லாம் பிடித்து இழுத்தது, இடப்பக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று நர்சு சொல்லியிருந்ததால் அவள் உடம்பின் இடப்பக்கம் முழுவதும் மரத்துப்போய்க் கிடந்தது. அன்றைக்கு வரிசை மெதுவாக நகர்ந்தது, வெயில் தகரக் கூரைக்குக் கீழே இறங்கி நின்றது, அவளுக்கு முன்னால் பதினாலு பேர் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, நிக்க முடியலை. கொஞ்சம் முன்னால விடுங்களேன்" என்று கேட்டாள்.

"ஒனக்கு மட்டுமாம்மா வயிறு? எல்லாருக்குந்தான் இருக்கு" என்றார் பரமசிவம், தலையைத் தூக்காமல்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ரதியின் சேலைக் கொசுவம் பிடிமானம் இல்லாமல் நழுவியது, அண்ணாச்சியின் சட்டையில் மூன்றாவது பொத்தானும் நாலாவது பொத்தானும் தெறித்தன, அதில் ஒன்று சீனி மூட்டைக்குள் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணாச்சி, குனியாதிய, காலை நீட்டி உக்காருங்க" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி தண்ணீர் கொடுத்தாள். பாமாயில் யார் ஊற்றிக் கொடுப்பது என்ற கவலை கொஞ்ச நேரம் வரிசை முழுக்க ஓடியது, பிறகு அவர்களே உள்ளே போய் ஊற்றிக்கொண்டார்கள். ரதி தன் சீனியை வாங்கிக்கொண்டு, கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தாள், இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள், ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் குப்புறப் படுத்து, பாயில் முகத்தை அழுத்திக்கொண்டு, நாலரை மணி வரைக்கும் தூங்கினாள்.

சாயங்காலம் நர்சு எமிலி வந்தாள். பதினாறு வருஷமாக அந்தப் பக்கத்துக் கர்ப்பிணிகளை எல்லாம் பார்த்துவருகிறவள், எதற்கும் குரல் உயர்த்தாதவள். முதலில் ரதியின் வீட்டுக்கும், பிள்ளை அங்கே இல்லை என்றதும் நாலு வீடு தள்ளிப் பரமசிவம் வீட்டுக்கும் போனாள், அவர் வயிற்றில் பசையைத் தடவி, கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள்.

"நூத்தி நாப்பத்திரண்டு. பிள்ளை நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் பிரஷர் கூட இருக்கு. உப்பைக் குறைங்க, இடப்பக்கமா படுங்க, இந்தச் சத்து மாத்திரையச் சாப்பாட்டுக்குப் பெறகு போடுங்க."

"சிஸ்டர், நான் ஆம்பளை."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும் அண்ணாச்சி? இடப்பக்கமா படுங்க."

ரதியின் கர்ப்பகால அட்டையில் இதை எழுத இடம் இல்லாததால், ஓரத்தில் சின்ன எழுத்தில், 'பிள்ளை நலம், தற்சமயம் பரமசிவம் வீட்டில்' என்று, விலாசம் மாறினால் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பரமசிவம் சுவரைப் பிடித்துக்கொண்டு ரதியின் வாசலுக்கு வந்தார், பின்னாலேயே அவர் பெண்டாட்டி மரகதமும் வந்தாள். மரகதம் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவள், நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாய்ச் சோறு வடிப்பவள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை, காட்டாத டாக்டர் இல்லை, பிறகு ஒரு நாள் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள், அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை.

"எடுத்துக்கிடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று பரமசிவம் ரதியின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தார். பிள்ளை அசையவில்லை. "போ" என்றார். "போய்த் தொலையேன்" என்றார்.

"பிள்ளைகிட்ட இப்படியா பேசுவாக?" என்றாள் மரகதம். "போயிட்டு வான்னு சொல்லுங்க."

"போயிட்டு வா" என்றார் பரமசிவம், வெட்கத்தோடு. அடுத்த மூச்சில் ரதியின் வயிறு அவளிடம் திரும்பி வந்தது, குதிகால் பழைய விலாவிலேயே போய் முட்டியது.

இப்படித்தான் தெருவுக்கு வழி தெரிந்தது. வாங்குகிறவர் கையை வைக்க வேண்டும், வைத்திருக்கிறவர் வாய் திறந்து சொல்ல வேண்டும், மனசில்லாமல் சொன்னால் பிள்ளை நகராது, பிடுங்கவும் முடியாது.

வியாழக்கிழமை ரதியின் மாமியார் கனகமணி பிள்ளையைக் கேட்டு வாங்கினாள். அவள் ஒன்பதாம் மாதத்தில் உப்பளத்தில் உப்புப் பெட்டி சுமந்தவள், அதை மருமகளிடம் தினம் ஒரு தடவையாவது சொல்லாமல் விட்டதில்லை. எப்படிச் சுமப்பது என்று காட்டித் தருகிறேன் என்றுதான் வாங்கினாள். பத்து மணிக்குத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக் காட்டினாள், பதினொரு மணிக்கு உட்கார்ந்தாள், பன்னிரண்டுக்குப் படுத்தாள், மூன்று மணிக்குள் ஏழு தடவை எழுந்து ஒன்றுக்குப் போய்வந்தாள்.

"இப்படியாட்டி இருக்கும்?" என்று கேட்டாள் மருமகளிடம்.

"இப்படித்தான் அத்தை இருக்கும்."

"எனக்கு மறந்துட்டுது போல" என்றாள் கனகமணி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பளத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

பிறகு தெருவே முறை வைத்துக்கொண்டது. மூடிக்கிடந்த டெலிபோன் ஆபீஸின் கதவில் ஒரு தாளை ஒட்டி, யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதினார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பிள்ளை வெளியே, மற்ற நேரம் தாயிடம். வயர்மேன் முறை வந்த அன்றைக்கு அவர் கம்பத்தில் ஏறக் கூடாது என்று எமிலி சொல்லிவிட்டதால் தெருவில் சாயங்காலம் வரை மின்சாரம் இல்லை, யாரும் வாய் திறக்கவில்லை, விசிறியோடு போய் அவருக்குத்தான் வீசிவிட்டு வந்தார்கள். சாக்கடை விஷயமாக நாலு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்களுக்கு அடுத்தடுத்த நாள் முறை விழுந்தது, ஒருவர் வயிற்றில் ஒருவர் கை வைத்தே தீர வேண்டியிருந்தது, வைத்தார்கள். முகத்தை மட்டும் ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பகலில் பிள்ளை பத்து தடவையாவது உதைக்க வேண்டும் என்று எமிலி சொல்லியிருந்ததால், வைத்திருந்தவர்கள் உதைக்கு ஒரு கோடாகச் சுவரில் கரியால் போட்டார்கள், அந்த மாதம் முழுக்கத் தெருச் சுவரெல்லாம் கோடாய் இருந்தது.

லிங்கதுரையிடம் மட்டும் பிள்ளை போகவில்லை. அவன் லோடு இறக்கி வந்த கையோடு குளித்து, நெற்றிக்கு இட்டு, ரதியின் வயிற்றில் கை வைத்து நிற்பான். அவளும் மனசாரத்தான் சொல்வாள். அவனுக்கு ஏப்பம்தான் வரும். "அப்பன்கிட்ட வெளிய வந்து போய்க்கிடலாம்னு இருக்கும்" என்று தெருவில் ஆறுதல் சொன்னார்கள். அவன் சீரகத் தண்ணீர் குடித்தான், இடப்பக்கம் படுத்தான், எமிலி கர்ப்பிணிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் மூச்சுப் பயிற்சியை லாரி ஓட்டும்போதெல்லாம் செய்தான், கேரள எல்லையில் சோதனைச் சாவடிக்காரர் இறக்கிவிட்டு விசாரிக்கிற அளவுக்குச் செய்தான்.

வளைகாப்பு அன்று பிள்ளை பரமசிவத்திடம் இருந்தது. முதல் நாள் அத்தனை திட்டிய மனிதர், இப்போது வாரத்தில் இரண்டு முறை தன் பெயரையும், வர முடியாதவர்களின் முறைக்கெல்லாம் தன் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தார். ரதியை ஒரு நாற்காலியிலும் அவரை ஒரு நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். பெண்கள் வந்து சந்தனம் பூசினார்கள், ரதிக்கு வளையல் அடுக்கினார்கள், அண்ணாச்சியின் மணிக்கட்டில் ஏறாததால் சோப்பு போட்டுக் கைக்கு மூன்று ஏற்றினார்கள். அதைக் கழற்றாமலே ஒரு வாரம் அரிசி நிறுத்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது வரிசையில் வந்தால், முக்காலியைத் தூக்கி வெளியே வைத்து, "உக்காரும்மா முதல்ல" என்றார்.

பகல் முழுக்க உடம்பு லேசாக இருந்ததால் ரதி எல்லா ஆயத்தமும் செய்துமுடித்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கி, வெந்நீரில் போட்டு அலசி, வெயிலில் உலர்த்தி மடித்தாள். ஒயர்க் கூடையில் அட்டை, ஆதார் நகல், இரண்டு நைட்டி, பிளாஸ்க், தம்ளர், கிழித்த துணி என்று அடுக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். சூட்டு வலி எப்படி இருக்கும், நிஜ வலி எப்படி இருக்கும், பனிக்குடம் உடைந்தால் எப்படித் தெரியும் என்று எமிலியிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். தாளில் மரகதத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் அவள் கவனித்திருந்தாள்.

எமிலி குறித்துக் கொடுத்த நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மரகதம் வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து, துடைக்க ஈரம் இல்லாதபோதும் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நாள் நான் வச்சுக்கவா ரதி?"

"இதுக்கா இவ்வளவு நேரம் நின்னிய?" என்றாள் ரதி. மரகதத்தின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "போயிட்டு வா" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மரகதம் வரவில்லை. ரதி போய்க் கேட்டபோது, "நாளைக்குத் தாரேனே" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கனகமணி போய் வாசலில் நின்று கத்தினாள். மரகதம் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், பருப்பு விலையைப் பற்றிப் பேசினாள், மழை வருமா என்று கேட்டாள், பிள்ளைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. தெருவில் யாரோ போலீஸுக்குச் சொல்லி ஏட்டையா சைக்கிளில் வந்தார். பொருள் காணாமல் போனதா, இருக்கும் இடம் தெரிந்த பொருளா, அடைத்து வைத்திருக்கிறார்களா, அடைத்து வைத்திருந்தால் எதற்குள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், கடைசிக் கேள்வியில் பேனாவை மூடி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பரமசிவம் பெண்டாட்டியிடம் மன்றாடினார். "ஊரான் பிள்ளை மரகதம். குடுத்துரு."

"நீங்க எத்தனை நாள் வச்சிருந்திய?" என்று கேட்டாள் அவள். "பதினோரு நாள். நானும் சோறு போட்டு, கால் அமுக்கி, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளாவது நீ வச்சுக்கிடுதியான்னு கேட்டியளா?"

அவர் கீழே உட்கார்ந்து அவள் காலை அமுக்கத் தொடங்கினார்.

முதல் இரண்டு நாள் ரதி நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாளிலிருந்து தூக்கம் போயிற்று. இடுப்பு வலிக்கவில்லை, நெஞ்சு எரியவில்லை, கால் வீக்கம் வடிந்து தன் செருப்பு பொருந்தியது, இவ்வளவு சௌகரியத்தை அவளால் தாங்க முடியவில்லை. மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. திங்கட்கிழமை மத்தியானம் மரகதத்தின் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். மரகதம் கையைத் தட்டிவிடவில்லை. பிள்ளை உதைத்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதை உணர்ந்தார்கள், இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். இருட்டும்வரை அப்படியே இருந்துவிட்டு ரதி எழுந்து வந்தாள். செவ்வாய்க்கிழமையும் போனாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரதிக்கு வலி எடுத்தது. வெறும் வயிற்றில், உள்ளே ஒன்றும் இல்லாத வயிற்றில், இடுப்பிலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வந்து இறுக்கியது. எமிலி வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நிஜ வலிதான். நாலு வீடு தள்ளி மரகதம் நிறைவயிற்றோடு, ஒரு வலியும் இல்லாமல் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரையும் ஏத்துங்க" என்றாள் எமிலி.

வாசலில் நின்றது லிங்கதுரையின் லாரிதான். ரதியை அவன் தூக்கி முன்னால் ஏற்றினான், மரகதத்தைக் கீழிருந்து மூன்று பேர் தள்ளினார்கள், எமிலி கருவியோடு நடுவில் நெருக்கிக்கொண்டாள், பரமசிவமும் கனகமணியும் ஒயர்க் கூடையோடு பின்னால் உப்பு மூட்டைகளின்மேல் உட்கார்ந்தார்கள். தாலுகா ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர். ஆறாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

சரக்கு ரயில் வரவேண்டும் என்றார்கள். லிங்கதுரை இன்ஜினை அணைத்தான். கையைத் தலையில் வைத்துக்கொண்டு, ரதிக்குப் பதிலாகத் தான் மூச்சுப் பயிற்சி செய்தான். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜன்னலுக்கு வந்து, உள்ளே பார்த்து, "எந்த அம்மாவுக்குப் பிரசவம்?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் இரண்டு பேர் மடியிலும் ஆளுக்கொரு பிஞ்சை வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

ரதி தன் முன்கையைக் கடித்துக்கொண்டாள். வலி இறங்கியதும், "எக்கா" என்றாள். "எனக்குப் பெக்கணும். உள்ள ஒண்ணுமில்லாம முக்கச் சொல்லுது. செத்துருவேன் போல இருக்கு."

"குடுத்துட்டு நான் எப்படிட்டி வீட்டுக்குப் போவேன்?" என்றாள் மரகதம். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் ரதியிடம் பிள்ளையைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. "காலையில எந்திரிச்சு, இது இல்லாம, அந்த அடுப்பப் பத்த வைக்கணும். நீ சொல்லு, எப்படிப் பத்த வைப்பேன்?"

அடுத்த வலி வந்தது, ரதி எமிலியின் மடியில் சாய்ந்து, குரல் எழும்பாமல் வாயைத் திறந்தாள். மரகதம் அதைப் பார்த்தாள். எமிலியைத் தாண்டிக் கையை நீட்டி ரதியின் வெறும் வயிற்றில் வைத்தாள், கல்லாய் இறுகிக் கிடந்த அந்த வயிற்றிடம், "வா" என்றாள். "எங்கிட்ட வா. வலியையும் நானே வச்சுக்கிடுதேன். ரதி, சொல்லுட்டி, போயிட்டு வான்னு சொல்லு."

"போயிட்டு வா" என்றாள் ரதி, வலியைப் பார்த்து. யாரும் அவளைவிட மனசாரச் சொல்லியிருக்க முடியாது. வலி போகவில்லை.

மரகதம் இன்னொரு தடவை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, இருபத்துமூன்று வருஷம் கோயில் கோயிலாய்க் கேட்ட குரலில் கேட்டாள். வலி ரதியிடமே நின்றது. சரக்கு ரயில் வந்து, ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் கடந்து போயின. கேட்டுக்காரர் எழுந்து சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார்.

"சரி" என்றாள் மரகதம். ரதியின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள், குனிந்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளையிடம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். "கேட்டைத் திறந்துட்டாங்க. இனி நேர் ரோடுதான். அம்மையக் கஷ்டப்படுத்தாம, தலையக் குனிஞ்சு வரணும். போயிட்டு வா."

லாரி தண்டவாளத்தில் ஏறி இறங்கிய குலுக்கலில் ரதியின் வயிறு நிறைந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ நூறு கிராம். லிங்கதுரை கையில் வாங்கியதும் அவனுக்கு மறுபடி ஏப்பம் வந்தது.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். கனகமணி பூண்டுக் குழம்பும் கருவாட்டுப் பொரியலும் வைத்து, இரண்டு தூக்குவாளியில் ஊற்றி, ஒன்றை மருமகளிடம் வைத்துவிட்டு, மற்றதை யாரிடமும் சொல்லாமல் மரகதத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஐந்து நாள் சுமந்தவளுக்கும் பத்தியம் உண்டு என்று அவளே முடிவு செய்திருந்தாள். அப்படிப் பார்த்தால் பதினோரு நாள் சுமந்தவருக்கும் உண்டல்லவா என்று பேச்சு வந்தது, அரை நாள் சுமந்தவர்கள் மட்டும் இளப்பமா என்று கேள்வி வந்தது. தெரு முழுக்கப் பூண்டு உரித்தார்கள், தெரு முழுக்கச் சுக்கும் கருப்பட்டியும் போட்டு லேகியம் கிண்டினார்கள். வயர்மேன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறினார். சாக்கடைத் தகராறுக்காரர்கள் ஒரே சட்டியில் கிண்டி, பாதியைச் சுவருக்கு மேலாகக் கொடுத்து வாங்கினார்கள், பேசாமல்.

மரகதம் மட்டும் பிள்ளையைப் பார்க்க வரவில்லை. வாளி கழுவி வரும், அவள் வரமாட்டாள். அடுப்பைப் பரமசிவம்தான் பற்ற வைக்கிறார் என்று கனகமணி வந்து சொன்னாள்.

பதினாலாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ரதி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு தானே நடந்து போனாள். மரகதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, இதைப் பிடிங்க. தலைக்குத் தண்ணி ஊத்தி மூணு நாளாச்சு. உங்க வீட்டுலயே குளிச்சுக்கிடுதேன், எங்க வீட்டுல குளிச்சா இது அழுது அத்தை கதவத் தட்டிருவா."

மரகதம் கையை நீட்டவில்லை. ரதி அவள் மடியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். இரண்டு வாளி ஊற்றி, மூன்றாவதை மொள்ளும்போது வெளியே பிள்ளையின் நெஞ்சிலிருந்து ஏதோ சத்தம் கேட்டு, நைட்டியைச் சுற்றிக்கொண்டு ஈரத்தலையோடு ஓடி வந்தாள். பிள்ளையின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"என்னக்கா செய்யுது?"

"விக்கல்" என்றாள் மரகதம். பிள்ளை அவள் தோளில் கிடந்தது. "பத்து மணிக்கு வரும். உள்ள இருக்கும்போதும் தினம் பத்து மணிக்கு வரும். ஏழு வந்தா நின்னுரும். ஒனக்குத் தெரியாதா?"

ரதிக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பிள்ளை எந்நாளும் அடுத்தவர் வயிற்றில் இருந்தது, அவள் பாதி நாள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"நாலு" என்று எண்ணினாள் மரகதம், முதுகைத் தடவியபடி. "அஞ்சு. ஆறு. பாரு, இன்னும் ஒண்ணுதான். ஏழு."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிள்ளை கண்ணைத் திறந்து, எதையும் பார்க்காமல், இன்னொரு தடவை விக்கியது.

"எட்டு" என்றாள் மரகதம். பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, முதல் தடவையாக அதைப் பார்த்தாள். "இது புதுசு."